பிட்டும் தேங்காய்ப்பூவும்: அவித்தது யார்?

மட்டக்களப்பில் எந்த நல்லிணக்கக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு வசனம் கட்டாயம் வரும். “தமிழரும் முஸ்லிம்களும் இங்க பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி வாழ்ந்தவங்க.” மேடையில் இருப்பவர் சொல்லுவார். கீழே இருக்கிற நாங்க தலையாட்டுவோம். பிறகு பற்றிஸும் தேத்தண்ணியும் வரும். படம் எடுப்போம். பஸ் ஏறி அவரவர் ஊருக்குப் போவோம்.

போன வருசம் அப்படி ஒரு கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்தவள் என்னுடைய பட்ச்காரி, ஏறாவூர்ப் பிள்ளை. அந்த வசனம் வந்ததும் என் காதுக்குள் கேட்டாள்: “அது சரி, பிட்ட அவிச்சது ஆரு? மா இடிச்சது ஆரு?”

சிரித்துவிட்டேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிட்டும் தேங்காய்ப்பூவும் குழலுக்குள் தானாகப் போய் அடுக்கிக்கொள்வதில்லை. யாரோ நெல் விதைத்திருக்க வேணும், யாரோ மா இடித்திருக்க வேணும், யாரோ தேங்காய் திருவியிருக்க வேணும். அந்த வேலைக்கு யாருக்கு எவ்வளவு கிடைத்தது? எங்கட வாவிக்கரையில் உறவு எப்படி இருந்தது, எப்படி உடைந்தது என்று பேசும்போது நாங்க இந்தக் கேள்வியை மட்டும் ஏன் தாண்டிப் போகிறோம்?

வரலாறு படிக்கிற பிள்ளை என்ற முறையில் எனக்குத் தெரிந்த அளவில் அதற்குப் பதில் தேடிப் பார்க்கிறேன்.

ஊர்ப் பெயர்களுக்குள் ஒரு பழைய கதை

எங்கட கம்பஸ் இருப்பது வந்தாறுமூலையில். 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று முதலாம் வருசத்தில் வெளியூர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு மட்டக்களப்பில் ஒரு வாய்வழிக் கதை இருக்கு.

முக்குவருக்கும் திமிலருக்கும் பகை. முக்குவருக்குத் துணையாக முஸ்லிம்கள் வந்தார்கள்; பட்டாணியர் என்று கதை அவர்களைச் சொல்லும். இரண்டு பேரும் சேர்ந்து திமிலரை வடக்குப் பக்கமாகத் துரத்தினார்கள். சத்துருக்களை வென்ற இடம் சத்துருக்கொண்டான். பகைவர் திரும்ப ஏறி வராமல் காவல் வைத்த இடம் ஏறாவூர். துரத்திப் போனவர்கள் வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை. உதவிக்கு வந்தவர்கள் முக்குவப் பெண்களைக் கட்டி ஏறாவூரிலேயே குடியிருந்தார்கள்.

இதை நடந்த சம்பவம் என்று வரலாற்றுப் பாடத்தில் எழுதினால் புள்ளி கிடைக்காது. ஊர்ப் பெயருக்குப் பிறகு கட்டிய விளக்கமாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு சமூகமும் தங்களைப் பற்றி இப்படி ஒரு கதையைச் சொல்லிக்கொள்ள விரும்பின என்பது முக்கியம். கதைக்கு வெளியே கண்ணால் பார்க்கக்கூடிய சான்றும் இருக்கு. மட்டக்களப்புத் தமிழரிடம் உள்ள தாய்வழிக் குடி முறை இந்தப் பக்கத்து முஸ்லிம்களிடமும் இருக்கு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். கல்யாணத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பது போல, பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை. இந்த மூன்று பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் அவை இன்னொரு தரம் வரும்.

வட்டைக்குள்ளே

மட்டக்களப்பைத் தெரியாதவர்களுக்கு நில அமைப்பைச் சொல்லவேணும். வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை வாவி நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய மணல் நிலம் எழுவான்கரை. சூரியன் எழும் கரை. மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் அங்கேதான். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் கரை படுவான்கரை. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு. எழுவான்கரையில் சனமும் கடையும் கந்தோரும். படுவான்கரையில் வயலும் காடும் மாடும். நான் படுவான்கரைப் பிள்ளை.

எழுவான்கரையில் இருந்தவர்களின் வயல் பெரும்பாலும் படுவான்கரையில்தான். தமிழ்ப் போடிமாரும் முஸ்லிம் போடிமாரும் வாவியைத் தாண்டி வந்து வேளாண்மை செய்தார்கள். ஒரே வட்டைக்குள் இரண்டு சமூகத்தின் வரவையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வாய்க்கால் ஒன்று, வட்டைவிதானை ஒருவர், சூடு மிதிக்கிற களத்தில் “பொலி, பொலி” என்று கூப்பிடுகிற குரலும் ஒன்று. படுவான்கரைப் பெண்கள் புல்லுப் பிடுங்கவும் கதிர் பொறுக்கவும் போவார்கள். நெல் மாட்டு வண்டியில் துறைக்குப் போய்த் தோணியேறும். திரும்பி வரும் தோணியில் துணி, மண்ணெண்ணெய், சீனி.

இந்த இடத்தில்தான் பிட்டும் தேங்காய்ப்பூவும் உவமை வேலை செய்கிறது. ஆனால் அம்மம்மாவிடம் கேட்டால் அவ இன்னொன்றும் சொல்லுவா.

“போடியார் நல்ல மனிசன்தான் கிளி. பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்புவார். மறுகா, சூடு அடிச்சு முடிஞ்சா கணக்குப் பாப்பாங்க. விதநெல்லுக்கு இவ்வளவு, முந்தி வாங்கின நெல்லுக்கு இவ்வளவு, அதுக்கு வட்டி இவ்வளவு. அப்பப்பா ஒரு சாக்க மடிச்சுக் கக்கத்துக்குள்ள வெச்சிட்டு வருவார். அதுக்குள்ள ஒண்டும் இருக்காது.”

அவ சொன்ன போடியார் முஸ்லிமா தமிழரா என்று கேட்டேன். “ரெண்டு பேரிட்டயும் செஞ்சவர்தானே” என்றா. கணக்கு இரண்டு இடத்திலும் ஒரே கணக்குத்தான்.

போடி முறையை வெறும் சுரண்டல் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. வெள்ளம் வந்தால், நோய் வந்தால் போய் நிற்க ஒரு வாசல் அதில் இருந்தது. ஆனால் விதைநெல்லும் கடனும் ஒரே கையில் இருந்தபடியால், விளைச்சல் நல்லதோ கெட்டதோ வயற்காரனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் போடியாரின் மனதைப் பொறுத்தது. அன்பு இருந்தது, உரிமை இருக்கவில்லை. அன்பு போன நாளில் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்தது, தண்ணியும் வந்தது

1958இல் பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது நெற்காணிச் சட்டம் வந்தது. குத்தகைக்குச் செய்கிறவரை நினைத்தபடி வயலிலிருந்து எழுப்ப முடியாது, குத்தகைக்கு ஓர் உச்ச எல்லை உண்டு, வயல் வேலைகளைப் பார்க்கப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வேணும் என்றது. நாடு முழுக்க காணிக்காரர் பலர் சட்டம் பிடிக்க முன்னமே வயற்காரரை எழுப்பிவிட்டு, அதே ஆட்களைக் கூலிக்கு வைத்தார்கள். காகிதத்தில் கூலியாளுக்குக் குத்தகை உரிமை கிடையாது அல்லவா? நியாயமான வேலைக்கான ஒரு நல்ல சட்டம் வயலுக்குள் வரும்போது இப்படி மெலிந்து போனது.

அதே காலத்தில் வாவியின் தென்மேற்கில் இன்னொரு மாற்றம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் அது. சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் கட்டி, வேறு மாவட்டங்களிலிருந்து பெருமளவு சிங்களக் குடும்பங்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. மேல் வாய்க்காலில் பெரும்பாலும் புதிதாக வந்த சிங்கள விவசாயிகள், கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள் என்ற ஒழுங்கு உருவானது. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில், கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது.

இதே தசாப்தத்தில் வேறொரு மாதிரியும் எங்கட மாவட்டத்தில் இருந்தது. வாழைச்சேனைக் காகித ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. வயலில் மிஞ்சுகிற வைக்கோல்தான் அதற்கு மூலப்பொருள். மாதச் சம்பளம், ஓய்வுக்குப் பிறகு கையில் ஏதோ ஒரு தொகை என்று வேலை. யாருடைய தயவும் இல்லாத சம்பளம் எப்படி இருக்கும் என்பதை வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பக்கத்து ஆட்கள் அங்கேதான் கண்டார்கள். அப்படியான இடங்கள் கிழக்கில் ஒரு கை விரலுக்குள் எண்ணக்கூடியதாகவே இருந்தன.

உடைந்த வருசங்கள்

1985 ஏப்ரலில் தமிழ் முஸ்லிம் கலவரம். காரைதீவு தொடங்கி கிழக்கின் பல ஊர்கள் எரிந்தன.

1987 ஜனவரி இறுதியில் எங்கட கொக்கட்டிச்சோலைப் பக்கம். மகிழடித்தீவில் ஓர் இறால் பண்ணை இருந்தது. சுற்றியிருந்த கிராமத்துப் பொடியன்களுக்கு அது பெரிய வேலைவாய்ப்பு. பாதுகாப்புப் படை நடவடிக்கையில் அந்தப் பண்ணைத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டார்கள். இயக்கத்துக்குப் போகாமல் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். வேலைக்குப் போனாலும் சாவு என்றால், அந்த ஊரில் மிச்சமிருந்த பொடியன்களுக்கு அது என்ன செய்தி சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு 1990. ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. ஓகஸ்ட் 11 இரவு, ஏறாவூரில் வீடுகளுக்குள் புகுந்து இன்னும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். செப்டம்பர் 5, வந்தாறுமூலையில், எங்கட கம்பஸ் வளவுக்குள் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கூட்டிப் போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. செப்டம்பர் 9, சத்துருக்கொண்டானிலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட 180க்கு மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அதிகம்.

ஏறாவூர், வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான். சேர்ந்து போராடிய கதை சொல்ல வைத்த மூன்று பெயர்களும் முப்பது நாட்களுக்குள் மூன்று சாவுப் பெயர்களாயின. விரிவுரைக்குப் போகும் வழியில் இதை நினைக்காமல் நடக்க எனக்குச் சில நாட்களில் முடிவதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேணும். இந்தக் கொலைகளை நெல்லுக் கணக்கோ குத்தகையோ செய்யவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர்களும் கட்டளை கொடுத்தவர்களும் செய்தார்கள். பொருளாதாரக் காரணம் சொல்லி அந்தப் பொறுப்பைக் கரைக்க நான் வரவில்லை. நான் கேட்பது வேறு கேள்வி: கொலைக்குப் பிறகு உறவு ஏன் இவ்வளவு கெதியாக வற்றியது?

அதற்கு வயலில் ஒரு பதில் இருக்கு. 1990க்குப் பிறகு படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாட்டில். காத்தான்குடி, ஏறாவூர் விவசாயிகளால் தங்கள் வயலுக்குப் போக முடியவில்லை. என் பட்ச்காரியின் மூத்தவாப்பாவுக்குப் படுவான்கரையில் ஆறு ஏக்கர் இருந்தது. உறுதி கையில், வயல் கண்ணுக்கு எட்டாத இடத்தில். கடைசிக் காலத்தில் தகரப் பெட்டிக்குள் இருந்து அந்த உறுதியை எடுத்து வாசித்துவிட்டுத் திரும்ப வைப்பாராம். இந்தப் பக்கம் அம்மம்மாவுக்குப் புல்லுப் பிடுங்கப் போக வட்டை இல்லை, சந்தைக்குப் போகத் துறையில் சோதனை, தெரிந்த கடையில் கடனுக்குச் சாமான் வாங்கவும் வழி இல்லை. கொலையின் கோபம் ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் ஒருவரை ஒருவர் சந்திக்க வைத்த வேலை நின்றுபோனது மறுபக்கம். வேலை நின்றபின் மற்றவரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வதந்தி மட்டும்தான்.

கையெழுத்துப் போட்ட சமாதானம்

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம். அரசாங்கமும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாக இல்லை. ஏப்ரல் 13இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் கிளிநொச்சியில் சந்தித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் திரும்புவது, முஸ்லிம்களிடம் பணம் வாங்குவதை நிறுத்துவது, கிழக்கில் முஸ்லிம்கள் தங்கள் வயலைச் செய்வது ஆகியவை அதில் பேசப்பட்டன. அதாவது, பெரியவர்கள் இருவரும் மேசையில் இருந்து பேசும்போதும் வயல்தான் வந்து நின்றது.

ஆனால் அந்த வருசம் ஜூன் மாதமே மூதூரிலும் வாழைச்சேனையிலும் கலவரம். மேலே கையெழுத்து விழுந்தது. கீழே எந்த வட்டைக்கு யார் எப்போது போகலாம், தடுத்தால் யாரிடம் கேட்பது, விளைந்த நெல்லை யார் பாதுகாப்பது என்று வட்டைவிதானை மட்டத்தில் ஓர் ஒழுங்கு வரவில்லை. கலாசார நிகழ்ச்சிகள் அந்தக் காலத்திலும் நடந்தன என்று சொல்கிறார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் அப்போதும் மேடையில் இருந்தது.

கல்லோயாவில் நடந்த இன்னொரு கதை

இந்தக் கட்டுரையை இந்தச் சோகத்தோடு முடித்திருப்பேன். ஆனால் நூலகத்தில் வேறெதையோ தேடப் போய் இதைக் கண்டேன். எங்கட பாடத்திட்டத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

1956இல் இரத்தம் சிந்திய அதே கல்லோயா. 1979இல் அமெரிக்க உதவியோடு இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் திட்டம் ஒன்று தொடங்கியது. விவசாயிகளை ஒழுங்குபடுத்தும் பகுதியைக் கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் பார்த்தன. இடதுகரைக்கு அப்போது நாட்டிலேயே மோசமான திட்டம் என்ற பெயர். மேலே உள்ளவர்கள் கதவை உடைத்துத் தண்ணி எடுப்பார்கள். கடைக்கோடிக்குத் தண்ணி வராது. விவசாயி பொறியியலாளரை நம்பமாட்டார், பொறியியலாளர் விவசாயியை நம்பமாட்டார். கடைக்கோடியில் தமிழ் பேசுபவர்கள் இருந்ததால் தண்ணிப் பிரச்சினை இனப் பிரச்சினையாகவும் மாறக்கூடியதாக இருந்தது.

1981 தொடக்கத்தில் இளம் ஒழுங்கமைப்பாளர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் வேலை கிடைக்காத பட்டதாரிகள். கிட்டத்தட்ட எங்களை மாதிரி ஆட்கள். அவர்கள் கூட்டம் கூட்டி ஒற்றுமையைப் பற்றிப் பேசவில்லை. கிராமத்தில் தங்கினார்கள், வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள், ஒரு வயல் வாய்க்காலில் தண்ணி எடுக்கிற பத்துப் பதினைந்து குடும்பத்தை ஒரு குழுவாகச் சேர்த்தார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று முதலில் தெரிவு செய்யவில்லை. முதல் வேலை, பிறகு அமைப்பு என்பதுதான் ஒழுங்கு. சேர்ந்து வாய்க்காலைத் துப்பரவாக்கினார்கள். முறை வைத்துத் தண்ணி விட்டார்கள். மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். அந்த வருசம் குளத்தில் கால்வாசித் தண்ணிதான் இருந்தது. அப்படி இருந்தும் சில வாரங்களுக்குள் பெரும்பாலான வாய்க்கால்களில் இது நடக்கத் தொடங்கியது. மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்த தமிழ் விவசாயிகளுக்காகத் தண்ணியை மிச்சம் பிடித்தார்கள். இந்த வேலையில் முன்னின்ற பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் 1992இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

திட்டம் 1985இல் முடிந்தது. யுத்தம் பெருத்தது. எல்லாம் அழிந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் 1997 சிறுபோகத்தில் குளத்தில் தண்ணி காணாது, நெல் செய்ய முடியாது என்று பொறியியலாளர்கள் சொன்னார்கள். இடதுகரையின் 65,000 ஏக்கரில் 15 வீதத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. விவசாய அமைப்புகள் கூடிப் பேசி, இருந்த தண்ணியை அளந்து பகிர்ந்து, கிட்டத்தட்ட முழு நிலத்திலும் விதைத்து அறுத்தார்கள். மேலே சிங்களவர், கீழே தமிழ் பேசுபவர்கள். நாட்டில் கடும் யுத்தம் நடந்துகொண்டிருந்த வருசம் அது!

எனக்கு இதில் பிடித்தது, யாரும் யாருக்கும் தானம் கொடுக்கவில்லை என்பது. தண்ணி யாருக்கு எத்தனை மணித்தியாலம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு இருந்தது. கணக்கு பிழைத்தால் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்தக் கணக்கைச் சரி பார்க்கத்தான் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள். பேசப் பேச மற்றவருடைய பிள்ளை என்ன படிக்குது, மனிசிக்கு என்ன வருத்தம் என்பதும் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையிலும் ஒரு முள் இருக்கு. அந்த ஒழுங்கமைப்பாளர்களுக்கு நிரந்தர நியமனம் கொடுக்கப்படவில்லை. ஆசிரியர் நியமனம் வந்ததும் பலர் விட்டுவிட்டுப் போனார்கள். யார் குறை சொல்ல முடியும்? சமூகங்களைச் சேர்த்துவைக்கிற வேலையையே தற்காலிக வேலையாக வைத்திருந்தால் அதில் யார் நிலைப்பார்கள்? இன்றைக்கும் எங்கட பக்கம் நல்லிணக்க வேலை என்றால் பெரும்பாலும் ஆறு மாதத் திட்டம்தான். திட்டம் முடிய ஆளும் போய்விடுவார், அவருக்குத் தெரிந்த ஊரும் அவரோடு போய்விடும்.

1919இல் எழுதியது

முதலாம் உலகப் போர் முடிந்து 1919இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பை உருவாக்கியபோது, அதன் யாப்பின் தொடக்கத்திலேயே சமூக நீதி இல்லாமல் நிலையான சமாதானம் வராது என்ற கருத்தை எழுதி வைத்தார்கள். கோடிக்கணக்கில் ஆட்களைப் பலிகொடுத்த பிறகு வந்த புத்தி அது. அந்த அமைப்புக்கு 1969இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2017இல் அதே அமைப்பு, யுத்தமும் அனர்த்தமும் கண்ட நாடுகளில் கண்ணியமான வேலையைச் சமாதானத்தின் பகுதியாகவே பார்க்க வேணும் என்று ஒரு பரிந்துரையை நிறைவேற்றியது.

ஜெனீவா என்றதும் எங்களுக்கு ஞாபகம் வருவது மார்ச் மாதத்து மனித உரிமைக் கூட்டத்தொடர்தான். அதே நகரத்தில் இருக்கிற இந்த இன்னொரு கட்டடத்தைப் பற்றி நாங்க அதிகம் பேசுவதில்லை. இரண்டும் வேணும். காணாமல் போன 158 பேருக்கும் பள்ளிவாசலில் விழுந்தவர்களுக்கும் நீதி கேட்பதை வேலைவாய்ப்பு ஒருநாளும் ஈடு செய்யாது. அதே நேரம், அந்த நீதி வரும்வரை பக்கத்துப் பக்கத்தில் வாழுகிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு வாழுவது என்ற கேள்விக்கும் பதில் தேவை.

ஒரு கொப்பி

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் சின்னப் பிள்ளைகள் பலர். நாடு முழுக்க நடந்த தாக்குதல்களின் சூத்திரதாரி காத்தான்குடியைச் சேர்ந்தவர் என்று தெரிய வந்ததும், வாவியின் இரண்டு கரையிலும் பழைய பயம் திரும்பியது. முஸ்லிம் கடையில் வாங்காதே என்ற செய்திகள் போனுக்குப் போன் பாய்ந்தன. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எனக்கும் வந்தன. ஒன்றிரண்டை நானும் அனுப்பினேன். அதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கு, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்.

எங்கட ஊருக்கு மோட்டார்சைக்கிளில் துணி கொண்டு வரும் காக்கா ஒருவர் இருந்தார். மண்முனைத் துறையில் பாதை ஓடிய காலத்திலேயே வந்தவராம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு மாதத்தில் இரண்டு தரம் வருவார். கடனுக்குக் கொடுத்து ஒரு கொப்பியில் எழுதுவார். அதே கணக்கை அம்மம்மாவும் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுவா. எழுதுவது என் வேலை. இரண்டு கணக்கும் ஒருநாளும் பிழைத்ததில்லை.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு காக்கா வரவில்லை. “இனி வராட்டி நல்லம், கடனும் கழிஞ்சிது” என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அம்மம்மா சிரிக்கவில்லை. 1,850 ரூபாயை ஒரு பழைய பால்மா டின்னுக்குள் போட்டு வைத்தா. நாலு மாதம் கழித்து ஒருநாள் சந்தியில் மோட்டார்சைக்கிள் நின்றது. ஊருக்குள் வரப் பயந்து அங்கேயே நின்றார். அம்மம்மா நடந்து போனா. நானும் போனேன்.

“என்ன காக்கா, இவ்வளவு நாளா காணல்ல?”

“வர மனம் வந்திச்சி தங்கச்சி, கால் வரல்ல.”

கொப்பியை எடுத்தார். அம்மம்மா டின்னை எடுத்தா. கணக்கு சரியாக இருந்தது. அவர் வெட்டுத் துண்டுச் சீத்தையில் ஒரு முழம் கூடக் கொடுக்கப் பார்த்தார். அம்மம்மா அதற்கும் விலை கேட்டு வாங்கினா. “சும்மா வாங்கினா மறுகா அடுத்த முறை பேச வாய் வராது மகள்” என்று வரும் வழியில் எனக்குச் சொன்னா.

எங்கட ஊரில் இன்றைக்கும் கச்சான் பிடுங்கப் போகும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. நுண்கடன்காரர் வரும் நாளில் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ஒளிக்கும் பெண்களை எனக்குத் தெரியும். காத்தான்குடியில் கடையில் நிற்கும் தமிழ்ப் பிள்ளைக்கும், மட்டக்களப்பு நகரில் கடையில் நிற்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்கள். அவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தி, கூலியைப் பற்றி, காணியைப் பற்றி, தண்ணியைப் பற்றிப் பேச வைக்கும் ஒரு கூட்டத்துக்கு இதுவரை என்னை யாரும் கூப்பிடவில்லை.

பட்ச்காரியும் நானும் இந்த விடுமுறையில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். அவளுடைய மூத்தவாப்பாவின் உறுதியில் உள்ள வட்டைப் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களிடம் நானும், வயல் வைத்திருந்த ஏறாவூர்க்காரரிடம் அவளும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதுகிறோம். அந்த வருசம் எத்தனை அவணம் விளைந்தது, யாருக்கு எவ்வளவு போனது, யார் யாருக்கு என்ன கொடுக்க மிச்சம் இருக்கு. இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது சில இடத்தில் கணக்கு ஒத்துப் போகிறது, சில இடத்தில் முட்டுகிறது.

முட்டுகிற இடத்தில்தான் நாங்க இரண்டு பேரும் அதிக நேரம் இருந்து பேசுகிறோம்.